ஹெச்-டூ-ஓல அந்த ரெண்டு எங்கிருந்து வந்துச்சு?

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து அலுமினியம் ஆக்சைடு ஏஎல்-டூ ஓ-த்ரீ, கால்சியம் குளோரைடு சிஏ சிஎல்-டூன்னு பாட்டு மாதிரி மனப்பாடம் பண்றா, ஏன் அங்க ரெண்டு இங்க மூணுன்னு கேட்டா முழிக்கிறா, நாங்க விவசாயம் பார்க்கிற குடும்பம் எங்களுக்கும் சொல்லிக் கொடுக்கத் தெரியலன்னு கேட்டிருந்தீங்க. கூடவே இன்னொன்னு, டால்டன் அணுக்கொள்கைன்னு ஒரு பக்கம் படிச்சிட்டு அடுத்த பக்கத்துலயே அதுல இதெல்லாம் தப்புன்னு போட்டிருக்கு, தப்புன்னா எதுக்குப் படிக்கணும்னு பாப்பா கேக்குதுன்னு. நல்ல கேள்வி. இருபது வருஷமா டியூஷன் எடுக்குறேன், இந்த ரெண்டையும் தனித்தனி பாடமா நடத்துறதுதான் பிரச்சனையே. ஃபார்முலாவுல கீழ உட்கார்ந்திருக்கிற அந்தக் குட்டி நம்பருக்கும் டால்டனுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, அதைச் சொல்லிட்டா மனப்பாடம் பாதி கொறஞ்சிரும்.

முதல்ல ஒரு சின்ன ஏற்பாடு. ஃபார்முலாவை எல்லாம் வாய்விட்டு வாசிக்கிற மாதிரியே தமிழ்ல எழுதுறேன். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது இல்லையா, அதனால ஒரு தனிமத்தோட குறி முடிஞ்சதும் ஒரு கோடு போட்டுக்குறேன். ஹெச்2-ஓன்னா தண்ணி, என்ஏ-சிஎல்னா உப்பு. பாப்பா நோட்டுல எழுதும்போது இந்தக் கோடு வராது, அதுக்குப் பதிலா முதல் எழுத்து பெருசு ரெண்டாவது எழுத்து சிறுசு. இதை ஏதோ கையெழுத்து அழகு விஷயம்னு நினைச்சுக்காதீங்க. சி பெருசு ஓ சிறுசுன்னா அது கோபால்ட்னு ஒரு உலோகம். ரெண்டும் பெருசுன்னா கார்பன் மோனாக்சைடு, மூடின ரூம்ல அடுப்புக்கரி எரிஞ்சா ஆளைக் கொல்ற வாயு. என் டியூஷன்ல வருஷத்துக்கு நாலு பேராவது இதுல மார்க் விடுவாங்க.

இப்ப கதைக்கு வருவோம். அணுன்னு ஒன்னு இருக்குன்னு கிரேக்கத்துல டெமாக்ரிட்டஸ் சொல்லியாச்சு, நம்ம பக்கம் கணாதர் சொல்லியாச்சு, அப்புறம் டால்டன் என்னத்த புதுசா சொன்னாருன்னு சில பேர் கோபமா கேப்பாங்க. அவங்க யோசிச்சு சொன்னாங்க, இவர் எடை போட்டு சொன்னாரு, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அது பெரிய வித்தியாசம். வேதியியலே தராசுல இருந்து வந்த விஷயம். பிரான்ஸ்ல லவாய்சியர் மூடின பாத்திரத்துக்குள்ள பொருளை எரிச்சு, முன்னாடி இருந்த மொத்த எடையும் பின்னாடி இருக்கிற மொத்த எடையும் ஒன்னுதான்னு காட்டினாரு. அதுக்கப்புறம் ஸ்பெயின்ல வேலை பார்த்த ப்ரூஸ்ட்டுங்கிறவர் தாமிர கார்பனேட்டை எடுத்துக்கிட்டாரு, பூமியில கிடைக்கிறதும் சரி தன்னோட லேப்ல செஞ்சதும் சரி, தாமிரம் இவ்வளவு கார்பன் இவ்வளவு ஆக்சிஜன் இவ்வளவுங்கிற எடை விகிதம் மாறவே இல்லைன்னு பார்த்தாரு. சாம்பார்ல உப்பு கூடலாம் கொறையலாம், அது கலவை. சேர்மம் அப்படி இல்ல, அது கறாரான ஆளு.

டால்டன் இங்கிலாந்துல ஒரு நெசவாளியோட பையன். பன்னெண்டு வயசுலயே பள்ளிக்கூடத்துல பாடம் நடத்த ஆரம்பிச்சவர், 1800க்கு அப்புறம் மான்செஸ்டர்ல தனியா டியூஷன் எடுத்துதான் பொழப்பு ஓட்டினாரு (எங்க சங்கத்து ஆளுன்னு நான் பிள்ளைங்ககிட்ட பெருமையா சொல்லிக்குவேன்). 1787ல இருந்து சாகுற வரைக்கும், அதாவது 57 வருஷம், தினமும் வானிலையை நோட்டுல குறிச்சு வச்ச மனுஷன். காத்து, ஈரம், வாயுக்கள் இதுலயே ஊறிப்போனவர்ங்கிறதால வாயுக்களை எடை போடுற வேலைக்கு வந்தாரு. அவர் கவனிச்சது என்னன்னு இன்னைக்குத் தெரிஞ்ச சரியான நம்பர் வச்சு சொல்றேன். 12 கிராம் கார்பன் எடுத்தா, அது 16 கிராம் ஆக்சிஜனோட சேர்ந்து ஒரு வாயு வருது, 32 கிராம் ஆக்சிஜனோட சேர்ந்து இன்னொரு வாயு வருது. 16, 32. நடுவுல 20, 25, 29.5னு எதுவுமே கிடையாது. சதுப்பு நிலத்துல குமிழ் விடுற வாயுவுலயும், எத்திலீன்ங்கிற இன்னொரு வாயுவுலயும், அதே 12 கிராம் கார்பனுக்கு ஹைட்ரஜன் 4 கிராம், 2 கிராம். மறுபடியும் சரியா ரெண்டு மடங்கு.

இதை கொஞ்ச நேரம் யோசிச்சுப் பாருங்க. கடையில எண்ணெய் வாங்கினா 100 மில்லி, 130 மில்லி, எப்படி வேணா ஊத்தலாம். முட்டை வாங்கினா ஒன்னு, ரெண்டு, மூணு, ஒன்றரை முட்டை யாரும் தரமாட்டான். எடை இப்படி குதிச்சு குதிச்சு ஏறுதுன்னா உள்ள இருக்கிறது முட்டை மாதிரி எண்ணக்கூடிய பொருளாத்தான் இருக்கணும். ஒரு கார்பனுக்கு ஒரு ஆக்சிஜன்னா முதல் வாயு, ஒரு கார்பனுக்கு ரெண்டு ஆக்சிஜன்னா ரெண்டாவது வாயு. சி-ஓ, சி-ஓ2. பாப்பா மனப்பாடம் பண்ற அந்தக் குட்டி ரெண்டு இதுதான், எண்ணிக்கை. பொருளை உடைக்க உடைக்க ஒரு இடத்துல முட்டை வந்து நிக்குது, அந்த முட்டைதான் அணு. 1803ல இருந்து இதை நோட்டுல எழுதிட்டு இருந்தவர் 1808ல புத்தகமா போட்டாரு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் வருது. இந்தக் கொள்கையைக் கண்டுபிடிச்ச டால்டனே தண்ணிக்கு ஃபார்முலா தப்பா எழுதினாரு! ஹெச்-ஓன்னுதான் போட்டாரு, ஒரு ஹைட்ரஜன் ஒரு ஆக்சிஜன். அம்மோனியாவுக்கு என்-ஹெச். இன்னைக்கு எங்கிட்ட அப்படி எழுதினா முட்டை மார்க். ஏன் தப்பினாருன்னா, தராசு எடையைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. ஒரு பையில தேங்காயும் எலுமிச்சம்பழமும் இருக்குன்னு வைங்க, தேங்காய் மொத்தம் எலுமிச்சையை விட 8 மடங்கு எடைன்னு மட்டும் சொன்னா எத்தனை தேங்காய் எத்தனை எலுமிச்சைன்னு உங்களால சொல்ல முடியுமா? ஒரு தேங்காய் எவ்வளவு கனம்னு தெரிஞ்சாதான் முடியும். தண்ணியில ஹைட்ரஜன் 1 கிராமுக்கு ஆக்சிஜன் 8 கிராம். ஹெச்-ஓன்னு எடுத்துக்கிட்டா ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனை விட 8 மடங்கு கனம், ஹெச்2-ஓன்னு எடுத்துக்கிட்டா 16 மடங்கு கனம், ரெண்டுமே தராசுக்குப் பொருந்தும். டால்டன் என்ன பண்ணாருன்னா, ரெண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரியுதுன்னா அதை ஒன்னுக்கு ஒன்னுன்னே வச்சுக்குவோம்னு ஒரு விதி போட்டுக்கிட்டாரு. எளிமையான விதிதான், ஆனா ஊகம். (8 கூட அவருக்கு வரல, 1808 புத்தகத்துல ஆக்சிஜனுக்கு 7ன்னு இருக்கும், அந்தக் காலத்துத் தராசும் வாயு சுத்தமும் அவ்வளவுதான்.)

இதைச் சரி பண்ண ஐம்பது வருஷம் ஆச்சு. பிரான்ஸ்ல கே-லுசாக்ங்கிறவர் 1808லயே வாயுக்களை எடை போடாம கன அளவு அளந்து, ரெண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்சிஜனும் சேர்ந்தா ரெண்டு படி நீராவி வருதுன்னு காட்டினாரு. ஒரு படி ஆக்சிஜன்ல இருந்து ரெண்டு படி நீராவின்னா ஒவ்வொரு ஆக்சிஜன் துகளும் ரெண்டா பிரிஞ்சிருக்கணுமே, அணு பிரியாதுன்னுல்ல சொன்னோம்னு டால்டன் ஒத்துக்கவே இல்ல. 1811ல இத்தாலியில அவகாட்ரோ ஒரு வழி சொன்னாரு: பிரிஞ்சது அணு இல்லப்பா, ஆக்சிஜன் வாயுவே ரெண்டு ரெண்டு அணுவா ஜோடி போட்டுத்தான் திரியுது, ஓ2, அந்த ஜோடிதான் பிரியுது. எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க, ஆனா யாரும் சட்டை பண்ணல. விளைவு என்னன்னா ஆளுக்கொரு அணு எடை, ஆளுக்கொரு ஃபார்முலா. வினிகர்ல இருக்கிற அசிட்டிக் ஆசிட் ஒன்னுக்கே அப்ப புழக்கத்துல இருந்த 19 விதமான ஃபார்முலாவை 1861ல கெக்குலேங்கிற வேதியியல் ஆளு தன் பாடப் புத்தகத்துல வரிசையா போட்டுக் காட்டினாரு. பாப்பாகிட்ட சொல்லுங்க, நீ ஒரே ஃபார்முலாவை மறந்ததுக்கு அழுவுற, அவங்க பத்தொம்பது வச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டாங்கன்னு. 1860 செப்டம்பர்ல ஜெர்மனியில கார்ல்ஸ்ரூங்கிற ஊர்ல வேதியியல் ஆளுங்க நூத்துக்கும் மேல ஒன்னா கூடினப்பதான் கன்னிசாரோன்னு ஒரு இத்தாலிக்காரர் அவகாட்ரோ சொன்னதை வச்சு எல்லாக் கணக்கையும் ஒழுங்கு பண்ணிக் காட்டினாரு. அந்தக் கூட்டத்துல இருந்த மெண்டலீவ் ஊருக்குப் போய் 1869ல தனிம வரிசை அட்டவணை போட்டாரு. ஆக, சரியான ஃபார்முலா வந்த பிறகுதான் அட்டவணையே வர முடிஞ்சுச்சு.

ஹெச், ஓ, சின்னு எழுத்து போடுற பழக்கம் டால்டனோடது இல்ல. அவர் வட்டம் போட்டு உள்ள புள்ளி, கோடு வச்சாரு, பார்க்க கோலம் மாதிரி இருக்கும். 1813 வாக்குல ஸ்வீடன்ல பெர்சீலியஸ்தான் லத்தீன் பேரோட முதல் எழுத்தைப் போடலாம்னு கொண்டு வந்தாரு, டால்டனுக்கு அது கடைசி வரைக்கும் பிடிக்கல. சோடியத்துக்கு எஸ் வராம ஏன் என்ஏ வருது (நேட்ரியம்), பொட்டாசியத்துக்கு ஏன் கே (காலியம்), இரும்புக்கு ஏன் எஃப்இ (ஃபெர்ரம்), வெள்ளிக்கு ஏன் ஏஜி (அர்ஜென்டம்), ஈயத்துக்கு ஏன் பிபி (ப்ளம்பம்), இதெல்லாம் அந்த லத்தீன் வேலை. இது மட்டும் மனப்பாடம்தான், வேற வழி இல்ல. மொத்தமா பத்து பதினொன்னுதான் இப்படி இடக்கா இருக்கும், ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.

சரி, டால்டன் எங்க தப்பு. அணுவைப் பிரிக்கவே முடியாதுன்னாரு, 1897ல ஜே.ஜே.தாம்சன் அணுவுக்குள்ள இருக்கிற இன்னும் சின்னத் துகளை, எலக்ட்ரானைக் காட்டினாரு. 1911ல, அதே மான்செஸ்டர்ல வச்சு, ரூதர்ஃபோர்டு மெல்லிசான தங்கத் தகட்டுல ஆல்ஃபா துகள் அடிச்ச சோதனையை வச்சு நடுவுல குட்டியா ஒரு கரு இருக்குன்னு சொன்னாரு. எவ்வளவு குட்டின்னா, அணு சேப்பாக்கம் ஸ்டேடியம் அளவுன்னா கரு பிட்ச் நடுவுல கிடக்கிற ஒரு கடுகு, ஏறத்தாழ ஒரு லட்சத்துல ஒரு பங்கு. எடை பூராவும் அந்தக் கடுகுலதான். 1932ல சாட்விக் கருவுக்குள்ள இருக்கிற நியூட்ரான்ங்கிற துகளைக் கண்டுபிடிச்சாரு. ஒரே தனிமத்தோட எல்லா அணுவும் ஒரே எடைன்னு டால்டன் சொன்னதும் நிக்கல: குளோரின்ல ஏறக்குறைய நாலுல மூணு பங்கு அணு 35 எடை, ஒரு பங்கு 37, சராசரி போட்டுப் பாருங்க, 35.5 வரும், அட்டவணையில குளோரினுக்கு அந்த அரை எங்கிருந்து வந்துச்சுன்னு பாப்பாவுக்கு இப்ப புரியும். ஆனா கவனிங்க, இவ்வளவும் மாறின பிறகும், அணுக்கள் முழு எண் கணக்குல சேருதுங்கிற அந்த ஒரு விஷயம் அசையல. ஒன்பதாவது பாடத்துக்கு வேண்டியது அதுதான். மத்ததை அஞ்சு மார்க் கேள்விக்கு எழுதிட்டு நகர்ந்துரலாம்.

இப்ப அடுத்த கேள்வி, ஏன் ஆக்சிஜனுக்கு ரெண்டு ஹைட்ரஜன், ஏன் மூணு இல்ல. டால்டனுக்கு இதுக்கு பதில் தெரியாது, எலக்ட்ரான் வந்த பிறகுதான் தெரிஞ்சுது. அணுவைச் சுத்தி எலக்ட்ரான்கள் கூடு கூடா இருக்கு, கடைசிக் கூட்டுல இருக்கிற எலக்ட்ரான்தான் கொடுக்கல் வாங்கல் பண்ணும், உள்ள இருக்கிறதெல்லாம் பெட்டியில பூட்டி வச்ச நகை மாதிரி. சோடியத்துல உள்ள இருந்து கூடு வாரியா எண்ணினா 2,8,1. அந்த கடைசி ஒன்னு லேசா கழண்டுக்கும். குளோரின் 2,8,7. ஒன்னு வந்தா எட்டாயிரும். புத்தகத்துல "சோடியம் எட்டு எலக்ட்ரான் பெற விரும்புகிறது"ன்னு எழுதியிருப்பாங்க, எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது, அணுவுக்கு என்ன விருப்பு வெறுப்பு. நடக்கிறது சக்திக் கணக்கு. ஒரு மோல் சோடியத்துல, அதாவது 23 கிராம்ல, அணுவுக்கு ஒன்னுன்னு முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் சக்தி போதும், ரெண்டாவதைப் பிடுங்கணும்னா 4,562 கிலோஜூல், ஒன்பது மடங்குக்கும் மேல. பூட்டின பெட்டியை உடைக்கிற செலவு அது. அதனாலதான் சோடியம் ஒன்னோட நிறுத்திக்குது, அதோட இணைதிறன் 1, நாம வேலன்சின்னு சொல்றது. மெக்னீசியம் 2,8,2, ரெண்டு கொடுக்கும். அலுமினியம் 2,8,3, மூணு கொடுக்கும். ஆக்சிஜன் 2,6, ரெண்டு வாங்கும்.

ஃபார்முலா எழுதுறதுங்கிறது இந்தக் கொடுக்கல் வாங்கலை பைசா மிச்சமில்லாம நேர் பண்றது. அலுமினியம் ஒரு ஆளு 3 ரூபாய் தான் கொடுப்பான், அதுக்குக் கொறைய மாட்டான் கூட மாட்டான். ஆக்சிஜன் ஒரு ஆளு 2 ரூபாய்தான் வாங்குவான். கொடுத்ததும் வாங்கினதும் சரியா போகணும்னா எத்தனை பேர் வேணும்? 3க்கும் 2க்கும் மீச்சிறு பொது மடங்கு 6. கொடுக்க ரெண்டு அலுமினியம், வாங்க மூணு ஆக்சிஜன். ஏஎல்2-ஓ3. இதை கணக்கா போடாம "வேலன்சியை குறுக்க மாத்திப் போடு"ன்னு குறுக்குவழி சொல்லித் தருவாங்க, விடை வரும், ஆனா ஏன்னு தெரியாது, அதோட சில இடத்துல கவுத்துவிடும், கீழ சொல்றேன். முதல் ஒரு வாரம் ரூபாய் கணக்காவே போட விடுங்க. கால்சியம் 2 கொடுக்கும், குளோரின் ஆளுக்கு 1 வாங்கும், அப்ப ரெண்டு குளோரின், சிஏ-சிஎல்2. மெக்னீசியம் 2 கொடுக்கும் ஆக்சிஜன் 2 வாங்கும், ஒன்னுக்கு ஒன்னு சரி, எம்ஜி-ஓ. கொடுக்கிறவன் முன்னாடி, வாங்குறவன் பின்னாடி, வாங்குறவன் பேருல கடைசியில ஐடுன்னு வரும், குளோரைடு, ஆக்சைடு, சல்ஃபைடு. எண்ணிக்கை ஒன்னுன்னா 1ன்னு எழுத வேண்டாம்.

இன்னொன்னையும் சேர்த்தே சொல்லிடுங்க. உப்புக்கு என்ஏ-சிஎல்னு எழுதுறோம்ங்கிறதுக்காக உப்புக்குள்ள ஒரு சோடியம் ஒரு குளோரின்னு ஜோடி ஜோடியா உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்கக் கூடாது. ஒரு கல் உப்புல ஒவ்வொரு சோடியத்தைச் சுத்தியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுத்தியும் ஆறு சோடியம்னு கட்டம் கட்டமா அடுக்கியிருக்கும், யாரு யாரோட ஜோடின்னே சொல்ல முடியாது. என்ஏ-சிஎல்ங்கிறது மொத்தத்துல ஒன்னுக்கு ஒன்னுங்கிற விகிதம் மட்டும்தான். தண்ணி அப்படி இல்ல, அங்க கொடுக்கல் வாங்கல் இல்லாம பங்கு வச்சுக்குறாங்க, ரெண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் உண்மையிலேயே ஒரு குடும்பமா, மூலக்கூறா, சேர்ந்து திரியும்.

அடைப்புக்குறி எப்பப் போடணும்ங்கிறதுலதான் பாதிப் பேர் விழுவாங்க. அதுக்கு எங்கிட்ட ஒரே உதாரணம்தான், சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, அது கால்சியம் கார்பனேட், சிஏ-சி-ஓ3. காளவாயில போட்டு கிட்டத்தட்ட 900 டிகிரிக்கு சுட்டா கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் போயிரும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், சிஏ-ஓ. சுத்தமான கல்லுன்னா 100 கிலோ போட்டா 56 கிலோதான் வரும், மீதி 44 கிலோ புகையோட புகையா ஆகாசத்துக்கு. அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சு பொங்கும் பாருங்க, சின்ன வயசுல பொங்கலுக்கு வெள்ளையடிக்க எங்க அப்பா பானையில நீத்துவாரு, கிட்ட வராதேன்னு கத்துவாரு, கண்ணுல பட்டா பார்வை போயிரும். அந்த நீத்துன சுண்ணாம்புதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. வெத்தலைக்குத் தடவுறதும் அதுதான். இப்ப ஃபார்முலா போடுங்க: கால்சியம் 2 கொடுக்கும். ஓ-ஹெச்ங்கிறது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் கையைக் கோத்துக்கிட்டு ஒரே ஆளா நடமாடுற கூட்டு, அது 1தான் வாங்கும். அப்ப ரெண்டு ஓ-ஹெச் வேணும். சிஏ-ஓ-ஹெச்2ன்னு எழுதினா ரெண்டு ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன்னு அர்த்தம் ஆயிரும், கூட்டு உடைஞ்சு போச்சு. அதனால கூட்டை அடைப்புக்குள்ள போட்டு வெளிய ரெண்டு: சிஏ-(ஓ-ஹெச்)2. வெள்ளையடிச்ச சுவர் காய காய காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுத்து மறுபடியும் சிஏ-சி-ஓ3 ஆயிரும், அதாவது சுவத்துல பழையபடி சுண்ணாம்புக்கல்லே பூத்துருது. மூணு ஃபார்முலா, ஒரு சுத்து. இதை ஒரு தடவை வரைஞ்சு பார்த்த பிள்ளை அடைப்புக்குறியை மறக்காது.

இந்த மாதிரி கூட்டு ஆளுங்க ஒரு ஏழெட்டு பேரை மட்டும் பழகிக்கிட்டா போதும். ஹைட்ராக்சைடு, நைட்ரேட் (என்-ஓ3), பைகார்பனேட் (ஹெச்-சி-ஓ3), இவங்க மூணு பேரும் 1 வாங்குறவங்க. சல்ஃபேட் (எஸ்-ஓ4), கார்பனேட் (சி-ஓ3), ரெண்டும் 2. பாஸ்ஃபேட் (பி-ஓ4) 3. கொடுக்கிற பக்கம் அம்மோனியம் (என்-ஹெச்4) ஒன்னுதான், 1 கொடுக்கும். அலுமினியம் சல்ஃபேட் போடச் சொல்லுங்க: 3ம் 2ம், ரெண்டு அலுமினியம் மூணு சல்ஃபேட், ஏஎல்2-(எஸ்-ஓ4)3. போன பரீட்சையில ஒரு பையன் அடைப்பு போடாம 4க்குப் பக்கத்துல 3ஐ எழுதிட்டான், ஏண்டா நாப்பத்தி மூணு ஆக்சிஜனாடான்னு கேட்டேன், ரொம்ப நேரம் அவனே சிரிச்சான். வீட்டுல தண்ணி தெளிய வைக்கிற படிகாரத்தைப் பாருங்க, பொட்டாசியம் 1 கொடுக்குது அலுமினியம் 3 கொடுக்குது மொத்தம் 4, சல்ஃபேட் ஆளுக்கு 2 வாங்கினா ரெண்டு பேர், கே-ஏஎல்-(எஸ்-ஓ4)2, கூட 12 தண்ணி மூலக்கூறு ஒட்டிக்கிட்டு இருக்கும். சமையல் சோடா என்ஏ-ஹெச்-சி-ஓ3. மயில்துத்தம் காப்பர் சல்ஃபேட், சியூ-எஸ்-ஓ4, கூட 5 தண்ணி. அந்த நீலக்கல்லை சூடு பண்ணி தண்ணியை ஓட்டிட்டா வெள்ளையா பொடியாயிரும், ஒரு சொட்டு தண்ணி விட்டா திரும்ப நீலம். இது விஷம், பாப்பா கையில கொடுக்காதீங்க, ஸ்கூல் லேப்ல டீச்சர் காட்டட்டும்.

குறுக்குவழி கவுக்கிற இடங்கள் இப்ப. முதல் இடம், சுருக்குறது. மெக்னீசியம் ஆக்சைடை குறுக்க மாத்திப் போட்டா எம்ஜி2-ஓ2ன்னு வரும், அதை எம்ஜி-ஓன்னு சுருக்கணும், ஏன்னா அது விகிதம் மட்டும்தான். அதே ஜோருல ஹைட்ரஜன் பெராக்சைடு ஹெச்2-ஓ2வை ஹெச்-ஓன்னு சுருக்கிடுவாங்க. கூடாது, அது மூலக்கூறு, உண்மையிலேயே உள்ள நாலு அணு இருக்கு, நாலையும் சொல்லியாகணும். தண்ணி குடிக்கலாம், பெராக்சைடு புண் கழுவுறதும் முடிக்கு நிறம் போடுறதும், ஒரு ஆக்சிஜன் வித்தியாசம் அவ்வளவு செய்யும். ரெண்டாவது இடம், ஒரே ஆளு ரெண்டு விதமா கொடுக்கிறது. இரும்பு சில இடத்துல 2, சில இடத்துல 3 கொடுக்கும். ரெண்டுன்னா ஃபெரஸ், மூணுன்னா ஃபெரிக், இப்ப புத்தகத்துல அடைப்புக்குள்ள ரோமன் எண்ல போடுறாங்க. பெரும்பாலான இரும்புச்சத்து மாத்திரையில இருக்கிறது ஃபெரஸ் வகை, ஜன்னல் கம்பியில பிடிக்கிற துரு ஃபெரிக், எஃப்இ2-ஓ3யோட கொஞ்சம் தண்ணியும். பேர்லயே எத்தனைன்னு சொல்லிருவாங்க, பேரை ஒழுங்கா படிச்சா போதும். மூணாவது, ரெண்டுமே உலோகம் இல்லாத தனிமமா இருந்தா இந்த ரூபாய்க் கணக்கு முழுசா உதவாது. சி-ஓவையே எடுங்க, கார்பனுக்கு 4 ஆக்சிஜனுக்கு 2ன்னு கணக்குப் போட்டா சி-ஓ2தான் வரும், சி-ஓ வரவே வராது, ஆனா அந்த வாயு இருக்கு. நைட்ரஜனுக்கு என்2-ஓ, என்-ஓ, என்-ஓ2, என்2-ஓ5ன்னு ஒரு படையே இருக்கு. அதனாலதான் அங்க மோனோ, டை, ட்ரை, பென்டான்னு எண்ணிக்கையை பேரோடயே சேர்த்துச் சொல்றாங்க. டை-நைட்ரஜன் பென்டாக்சைடுன்னா வேலன்சியே பார்க்க வேண்டாம், பேரைக் கேட்டு எழுதிக்கலாம்.

சமன்பாடு சமன் செய்யும்போது ஒரு திருட்டுத்தனம் நடக்கும், அதையும் இப்பவே தடுத்துருங்க. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணி வர்ற சமன்பாட்டுல இடது பக்கம் ஆக்சிஜன் ரெண்டு இருக்கு வலது பக்கம் ஒன்னுதான் இருக்குன்னு தெரிஞ்சதும் பிள்ளைங்க நைசா ஹெச்2-ஓவை ஹெச்2-ஓ2 ஆக்கிருவாங்க, கணக்கு சரியாயிரும், ஆனா தண்ணி பெராக்சைடா மாறிப்போச்சு! கீழ இருக்கிற நம்பர் பொருளோட அடையாளம், அதைத் தொடவே கூடாது. முன்னாடி போடுற பெரிய நம்பரை மட்டும்தான் மாத்தலாம், ரெண்டு ஹெச்2-ஓன்னு. நாலு இட்லி வேணும்னா தட்டுல நாலு இட்லி வைக்கணும், ஒரு இட்லியை நாலு மடங்கு பெருசாக்கினா அது இட்லியே இல்ல.

விவசாயம்னு சொன்னதால கடைசியா ஒன்னு. உங்க வீட்டுல யூரியா மூட்டை கிடந்தா பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் அதுல போட்டிருக்கிற 46ஐக் காட்டுங்க. யூரியாவோட ஃபார்முலா சி-ஓ-(என்-ஹெச்2)2. கார்பன் ஒன்னு, 12. ஆக்சிஜன் ஒன்னு, 16. என்-ஹெச்2ங்கிற கூட்டு 14ம் 2ம் சேர்த்து 16, அந்த மாதிரி ரெண்டு, 32. மொத்தம் 60. அதுல நைட்ரஜன் மட்டும் 28. 60ல 28ன்னா நூத்துக்கு 46.67. மூட்டையில இருக்கிற 46 இதுதான், 45 கிலோ மூட்டைன்னா பயிருக்குப் போற நைட்ரஜன் 20.7 கிலோ. அடைப்புக்கு வெளிய இருக்கிற ரெண்டை விட்டுட்டு கணக்குப் போட்டா எவ்வளவு தப்பா வரும்னு அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அது முடிஞ்சதும் டிஏபி மூட்டை, அதாவது டை-அம்மோனியம் பாஸ்ஃபேட், (என்-ஹெச்4)2-ஹெச்-பி-ஓ4, இதுல நைட்ரஜன் நூத்துக்கு எவ்வளவுன்னு போடட்டும். 21 சொச்சம் வரணும். மூட்டையில 18ன்னுதான் இருக்கும், உரத்துல இருக்கிறது சுத்தமான டிஏபி இல்லைங்கிறதால. பக்கத்துல இருக்கிற 46 பாஸ்பரஸ்னு நினைச்சு ஏமாந்துராதீங்க, அது பி2-ஓ5ங்கிற ஆக்சைடா மாத்திப் போட்ட கணக்கு, உரக்கடைக்காரங்க பழக்கம் அப்படி. அதுல வெறும் பாஸ்பரஸ் எத்தனை கிலோன்னு கண்டுபிடிக்கணும்னா பி2-ஓ5க்கு 142, அதுல பாஸ்பரஸ் 62. மீதி அவ கணக்கு.